பதிமூணு நம்பர் ஸ்பேனர்

"நாலு மணிக்கு என் ஷட்டரை இறக்குறாங்களாம். இறக்கட்டும். ஷட்டருக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். என் தலையில இடிச்சுத்தான் அது தரையைத் தொடும்."

சொல்லிவிட்டு மரியம்மாள் சுத்தியலைப் பெஞ்சின் மேல் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அந்தச் சத்தத்தில் ஜெபகுமார் கையிலிருந்த சாயா அரை கிளாஸ் ஆகிவிட்டது.

"மேடம், இவங்க நம்ம பக்கம்தானே?" என்று சந்திரிகாவின் காதில் கிசுகிசுத்தார். "எதிராளிக்கு முன்னாடி நமக்கு அடி விழுந்துரும்போல இருக்கு."

சந்திரிகா சிரிக்கவில்லை. பத்து வருஷம் இன்ஷூரன்ஸுக்காக விபத்து வண்டிகளைச் சோதித்தவள். இப்போது முப்பத்தாறு வயதில், பூனா வானவடியில் ஒரு மாடி அறையில் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். ஜெபகுமார் அவளைவிடப் பதினாறு வயது மூத்தவர். கட்கி தோட்டா ஃபேக்டரியில் விருப்ப ஓய்வு வாங்கி, விருப்பமில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்து, கடைசியில் அவளிடம் உதவியாளராகச் சேர்ந்தவர். ஸ்கூட்டர் அவருடையது. வாயும் அவருடையதுதான்.

2003 டிசம்பர். கசார்வாடியில் பழைய பம்பாய் ரோட்டை ஒட்டிய தகரக் கொட்டகை. உள்ளே ஒரு 1963 மாடல் ஹெரால்ட் கார் இருந்தது. இருந்தது என்று எப்படிச் சொல்வது? எலும்பு ஒரு பக்கம், தோல் ஒரு பக்கம். சேஸிஸ் நாலு கட்டைகளின் மேல் கிடந்தது. அதன் மேல் உட்கார வேண்டிய பாடியை செயின் பிளாக்கில் தூக்கி, மர ஸ்டாண்டில் தனியாக நிறுத்தியிருந்தார்கள்.

காரைக் கழற்றுவது என்றால் ஸ்பேனரும் கோபமும் போதும் என்று நினைத்திருந்தார் ஜெபகுமார். மரியம்மாளின் கொட்டகை அந்த எண்ணத்தை மாற்றியது. சுவரில் சாக்பீஸால் சேஸிஸின் படம், ஆளுயரத்துக்கு. பாடியைப் பிடித்து நிறுத்தும் பன்னிரண்டு போல்ட்டுகளுக்கும் அதில் ஒவ்வோர் ஆணி. ஒவ்வோர் ஆணியிலும் கழுவிக் காயவைத்த ஒரு பால் பாக்கெட். அந்த இடத்திலிருந்து வந்த போல்ட், நட், வாசர் எல்லாம் அதற்குள்.

"கழட்டுறதுல என்ன இருக்கு? மறுபடி மாட்டுறதுதான் வேலை" என்றாள் மரியம்மாள். "நாப்பது வருஷம் ஒரு ஓட்டையில வாழ்ந்த போல்ட்டை அடுத்த ஓட்டையில வச்சா முறுக்கிக்கும். அதனால ஒண்ணோட ஒண்ணைச் சேர்க்க மாட்டேன்."

"எங்க சொந்தக்காரங்களுக்கும் இப்படி ஆணி அடிச்சா தேவலை" என்றபடி, சுவரோரம் கழற்றி வைத்திருந்த சீட்டில் உட்கார்ந்தார் ஜெபகுமார்.

"அண்ணாச்சி, எந்திரிங்க!"

எழுந்தார். வெள்ளைப் பேன்ட்டின் பின்பக்கம் இளஞ்சிவப்பு.

"குலால்" என்றாள் மரியம்மாள். "செப்டம்பர்ல கர்னலோட சொசைட்டிப் பிள்ளையாரைக் கரைக்க இந்த வண்டியிலதான் கொண்டுபோனாங்க. கண்ணாடியெல்லாம் இறக்கிவிட்டு, கூட்டம் மூட்டை மூட்டையா பொடியைத் தூவியிருக்கு. சீட்டுத் தையல்ல இன்னும் வருது. பாடியைத் தூக்கினப்போ சேஸிஸ் ஓட்டையிலிருந்தும் கொட்டிச்சு. என் சேலை ஒண்ணு போச்சு."

சந்திரிகா மர ஸ்டாண்டில் நின்ற பாடியை, கதவு இடுக்கிலும் பொந்துகளிலும் விரல் விட்டுப் பார்த்தபடி, சுற்றி வந்தாள். கைப்பையிலிருந்து நூல் கட்டிய ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து, பழைய பெயின்ட் இன்னும் சுரண்டப்படாத ஓரிடத்தில் வைத்தாள். காந்தம் வழுக்கி விழுந்தது. இன்னோர் இடம். அங்கேயும் விழுந்தது.

"தகரம் இருந்தால் ஒட்டிக்கும், அண்ணாச்சி. இங்கே பெயின்ட்டுக்கு அடியில் அரை அங்குலம் பட்டிப் பூச்சு. அதுக்கும் கீழே துரு. பிஸ்கட்டுக்கு மேல் ஐசிங் மாதிரி."

இதுதான் வழக்கு. கர்னல் சந்தானத்தின் அப்பா வாங்கிய கார் அது. மழையில் நனையாமல் வளர்ந்த வண்டி. வரப்போகும் ஜனவரி பழைய கார் ராலிக்காக அதைப் புதுப்பிக்க நவம்பரில் மரியம்மாளிடம் விட்டார். நேற்று வந்து பார்த்தால், பெயின்ட் சுரண்டிய இடமெல்லாம் சல்லடை. "இது என் பாடியே இல்லை! நல்லதை வித்துட்டுக் குப்பையை மாட்டிட்டா!" என்று நடுத்தெருவில் நின்று ஹிந்தியில் கத்தினார். தெருவே கூடிவிட்டது. இரண்டு வாடிக்கையாளர்கள் தங்கள் வண்டிகளைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு, பட்டறையை மூடுவதாக மரியம்மாள் கையெழுத்துப் போட வேண்டும் என்பது கர்னலின் கெடு. இல்லையென்றால் இன்று நாலு மணிக்கு போலீஸ் வந்து பூட்டும்.

"மேடம், கர்னலே மாத்திட்டு நாடகம் ஆடுறாரோ?" என்றார் ஜெபகுமார்.

"எதுக்கு?"

"அது தெரிஞ்சா நான் மேடம், நீங்க அசிஸ்டென்ட்."

சந்திரிகா மரியம்மாளின் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு வரி. முன் பம்பர்: உடைந்தது. சைலன்சர்: உடைந்தது. பின் பம்பர்: முரண்டியது, பிறகு உடைந்தது. பக்கம் புரட்டினாள். பாடி போல்ட் ஒன்று: கையோடு வந்தது. இரண்டு: கையோடு வந்தது. பன்னிரண்டுவரை அதேதான்.

"அக்கா, இது எப்படி?"

மரியம்மாளின் முகம் முதல்முறையாக மலர்ந்தது. "என் எண்ணெய்! மண்ணெண்ணெய், பழைய கியர் ஆயில், இன்னொரு சாமான். அதைச் சொல்ல மாட்டேன். மூணு நாள் ஊத்தி ஊறவச்சா துரு தானா வழிவிடும்."

"பம்பருக்கும் அதே எண்ணெய்தானே ஊத்தினீங்க?"

"ஆமா."

"அது ஏன் உடைஞ்சது?"

"அது... பம்பர் வெளிய நனையுற இடம்."

"பாடி போல்ட் அதைவிட மோசமான இடத்தில் இருக்கு, அக்கா. சக்கரம் வாரியடிக்கிற சேறு முழுக்க அது மேல்தான். நாப்பது வருஷம் கழிச்சு அது கையோடு வந்தால், அது உங்க எண்ணெய் இல்லை. உங்களுக்கு முன்னால் யாரோ அதைக் கழட்டியிருக்காங்க."

பட்டறைக்காரி தன் எண்ணெயை விட்டுக்கொடுப்பது பிள்ளையை விட்டுக்கொடுப்பது மாதிரி. மரியம்மாள் சுத்தியலைப் பார்த்தாள். ஜெபகுமார் இரண்டடி தள்ளி நின்றார்.

பிறகு அவளே சுவரருகே போய், ஏழாவது ஆணியிலிருந்த பாக்கெட்டை எடுத்துக் கொட்டினாள்.

"அப்போ இதையும் சொல்லிருதேன். இந்த வண்டியில எல்லாமே அங்குலக் கணக்கு. பதினொரு போல்ட்டுக்கு அரை அங்குல ஸ்பேனர் போட்டுத் திருப்பினேன். இந்த ஏழாவதுக்கு மட்டும் அது ஏறல. தலை மயிரிழை பெருசு. பதிமூணு எம்.எம். எடுத்தேன், கச்சிதமா உட்கார்ந்துச்சு. அவசரத்துல யோசிக்கல."

சந்திரிகா போல்ட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். அரை அங்குலம் என்றால் பன்னிரண்டு புள்ளி ஏழு மில்லிமீட்டர். பதிமூன்றுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி நாலு தலைமுடி சேர்ந்த அளவு. 1963-ல் இந்தக் காரைச் செய்தவர்கள் மில்லிமீட்டர் போல்ட்டைத் தொட்டிருக்க மாட்டார்கள். யாரோ பாடியைக் கழற்றும்போது ஒரு போல்ட்டை உடைத்து, கடையில் இன்று கிடைப்பதை வாங்கி மாட்டியிருக்கிறார்கள்.

அதன் தலையில் தேன் நிறத்தில் ஏதோ மெழுகு படிந்திருந்தது. சந்திரிகா அதை நகத்தால் கீறி முகர்ந்தாள். அதே மெழுகு பாடியின் அடிப்பக்கம் முழுக்க இருந்தது.

"இது யார் அடிச்ச கோட்டிங், அக்கா?"

"வரும்போதே இருந்துச்சு. நிர்மல் தம்பி அடிச்சது. கர்னலை எங்கிட்ட கூட்டிட்டு வந்ததே அந்தத் தம்பிதான்."

மணி பதினொன்றுதான்; அதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது.

கர்னல் சந்தானம் முதலில் இறங்கினார். எழுபதிலும் கம்பிபோல நிமிர்ந்த ஆள். பின்னால் தொப்பையோடு ஒரு போலீஸ் ஹவல்தார். கடைசியாக நிர்மல். கோயமுத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவன், பழைய கார் பிரியன், கர்னலின் ராலித் தோழன். அவனிடமும் ஒரு ஹெரால்ட் இருந்தது. கையில் ஒப்புதல் பத்திரம் வைத்திருந்தான்.

"மரியம்மா, வீணா போலீஸ் கேஸ் வேண்டாம். கையெழுத்துப் போட்டுடு" என்றார் கர்னல்.

"போட மாட்டேன், கர்னல் சாப்."

"அக்கா, நல்லதுக்குத்தானுங்க சொல்றோம்" என்றான் நிர்மல். குரல் வெண்ணெய். "நானே உங்களைச் சிபாரிசு பண்ணினேன். எனக்குத்தான் தலைகுனிவு."

சந்திரிகா முன்னால் வந்தாள். "நிர்மல், வண்டி கலையில் நீங்க கெட்டிக்காரர்னு கேள்விப்பட்டேன். இந்தக் கோட்டிங் பிரமாதம். எந்தக் கடையில் அடிச்சீங்க?"

"கடையா!" நிர்மல் சிரித்தான். "ஃப்ரெண்டு வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த டின்னுங்க மேடம். பூனாவிலேயே என்கிட்ட மட்டும்தான் இருக்கு. அக்டோபர்ல அங்கிள் வண்டியைப் பத்து நாள் என் ஷெட்டுல வச்சு, என் கையால அடிச்சேன். ஒரு அங்குலம் விடலை."

"அப்புறம் இங்கே யாராவது மேலே அடிச்சிருப்பாங்களோ?"

"இந்தச் சரக்கு இவங்களுக்கு எங்கீங்க கிடைக்கும்?"

"எழுதிக்கோங்க அண்ணாச்சி."

"எழுதியாச்சு மேடம். அடிக்கோடும் போட்டாச்சு."

சந்திரிகா உள்ளங்கையை விரித்தாள். "இது பாடியைப் பிடிச்சிருந்த ஏழாவது போல்ட். மில்லிமீட்டர் போல்ட். யாரோ பாடியைக் கழட்டி மாட்டினப்போ போட்டது. இதோட தலையில் உங்க மெழுகு. அப்போ இந்த போல்ட் ஏறின பிறகுதான் நீங்க கோட்டிங் அடிச்சிருக்கீங்க. அதாவது பாடி மாறினது மரியம்மாக்கா கைக்கு வண்டி வர்றதுக்கு முன்னாலேயே."

கர்னலின் மீசை அசைந்தது. நிர்மல் அசையவில்லை.

"பழைய வண்டிங்க. அங்கிளோட அப்பா காலத்துல மாத்தியிருக்கலாம்."

"செப்டம்பர்ல பிள்ளையார் போன வண்டி இது. சீட்டில் குலால் இருக்கு." சந்திரிகா ஜெபகுமாரைத் திருப்பி நிறுத்தினாள். "ஆதாரம் இதோ."

"மேடம், மானம்!"

"சேஸிஸுக்குள்ளேயும் குலால். ஆனால் இந்த பாடியில், கதவுக்குள்ளே, பொந்துக்குள்ளே, எங்கேயும் ஒரு சிட்டிகை இல்லை. பிள்ளையார் ஊர்வலத்தில் சீட்டும் சேஸிஸும் போச்சு, பாடி மட்டும் வீட்டில் தூங்கிச்சா? செப்டம்பருக்குப் பிறகு, உங்க கோட்டிங்குக்கு முன்னால். அந்த இடைவெளியில் வண்டி யார்கிட்ட இருந்தது, கர்னல்?"

கர்னல் மெதுவாகத் திரும்பி நிர்மலைப் பார்த்தார். ஜெபகுமாருக்கு அந்த நிமிஷம் தன் சந்தேகத்தைப் பற்றி வெட்கமாக இருந்தது. அந்த முகம் நடிக்கிற முகம் இல்லை.

நிர்மல் கைதட்டினான். "கதை நல்லா இருக்குங்க. பாடி எங்கே? என் ஷெட்டுல என் வண்டி நிக்குது. வாங்க, எல்லாரும் வந்து பாருங்க. உங்க குலால் இருந்தா நானே ஜீப்புல ஏறிக்கிறேன். இல்லைன்னா அங்கேயே இந்தப் பேப்பர்ல கையெழுத்து. சம்மதமா அக்கா?"

"சம்மதம்" என்றாள் மரியம்மாள். சுவரிலிருந்த ஷட்டர் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "தோத்தா சாவியும் உனக்குத்தான். சலோ."

கடக்வாஸ்லா அணைக்குப் போகும் வழியில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே ஜெபகுமார் கத்தினார். "மேடம், அவன் இவ்வளவு தெம்பா கூப்பிடுதான்னா என்ன அர்த்தம்?"

"சுத்தமா துடைச்சிட்டான்னு அர்த்தம், அண்ணாச்சி."

"நம்மகிட்ட வேற ஏதாவது இருக்கா?"

"காந்தம் இருக்கு."

"அதை வச்சு என் பேன்ட்டுக் கறையைக்கூட எடுக்க முடியாதே."

அணைக்கு ஒரு மைல் முன்னால் நிர்மலின் ஷெட். நடுவில் ஒரு ஹெரால்ட். கீழே கரும்பச்சை, மேலே வெண்ணெய் நிறம். முகம் பார்க்கலாம்போலப் பளபளப்பு. கர்னல் வண்டியின் சாம்பல் நிறத்தோடு எந்த ஒட்டும் இல்லை.

சந்திரிகா காந்தத்தை வைத்தாள். ஒட்டிக்கொண்டது. கதவு, மட்கார்டு, டிக்கி, எங்கே வைத்தாலும் டக், டக். பட்டியே இல்லாத நல்ல தகரம். ஆனால் நல்ல தகரம் வைத்திருப்பது குற்றம் ஆகாது. கீழே குனிந்து டார்ச் அடித்தாள். போல்ட் எல்லாம் புதுசு. கார்ப்பெட் புதுசு, ரப்பர் புதுசு. பாடி எண் தகடு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இரண்டு ரிவெட்டில் நிற்கும் தகடு, எங்கே வேண்டுமானாலும் குடிபோகும். மடிப்புகளில் விரல் விட்டுப் பார்த்தாள். விரல் வெள்ளையாகவே வந்தது.

அவள் நிமிர்ந்து காந்தத்தைக் கைப்பையில் போட்டாள். ஜெபகுமாருக்கே ஜோக் வரவில்லை.

"கேஸ் ஆஹே கீ நாஹி?" என்றார் ஹவல்தார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. வழக்கு உண்டா இல்லையா, அவருக்குச் சாப்பாட்டு நேரம்.

நிர்மல் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினான். "அக்கா."

மரியம்மாள் பேனாவை வாங்கவில்லை. காரின் இடதுபக்கக் கதவைத் திறந்து, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கதவின் அடி விளிம்பைத் தடவினாள். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை. மறுபடி ஒரு தடவை.

"தம்பி, கதவுன்னா என்ன?"

"என்னங்க அக்கா, இப்பப் போயி..."

"கதவுன்னா ரெண்டு தகரம், நடுவுல காலி. கண்ணாடி ஏறி இறங்குற இடுக்கு வழியா மழைத்தண்ணி உள்ளே போகும். அது வெளிய வர, கதவுக்கு அடியில மூணு ஓட்டை வச்சிருப்பாங்க. அது அடைச்சா தண்ணி உள்ளேயே நின்னு ரெண்டு மழைக்காலத்துல கதவு அழுகிரும். நேத்து வேலைக்குச் சேர்ந்தவனுக்குக்கூட இது தெரியும்." அவள் தலையைத் தூக்கினாள். "துரு வராம இருக்க ஃபாரின் மெழுகு அடிக்கிற ஆளு நீ. இந்த மூணு ஓட்டையையும் பட்டி வச்சு அடைச்சிருக்கியே. எதுக்கு?"

நிர்மல் சிரிக்க முயன்றான். "பெயின்டர் தெரியாம..."

"நான் சொல்லட்டா? வண்டியைக் கழுவுறப்பல்லாம் அங்கிருந்து ஏதோ ஒழுகியிருக்கு. வெளிய துடைச்சே, மடிப்புல துடைச்சே. ஆனா கதவுக்குள்ள கை போகாது, ஸ்ப்ரே மூக்கும் போகாது. அதான் வாயை அடைச்சே." சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றினாள். "அண்ணாச்சி, ஒரு பக்கெட் தண்ணி."

"அக்கா, பெயின்ட் வீணாயிடும்! தொடாதீங்க!" வெண்ணெய் உருகிப்போய்க் குரல் கீச்சிட்டது. அவன் ஓரடி எடுத்து வைப்பதற்குள் கர்னலின் கைத்தடி குறுக்கே நீண்டது.

"அவ தொடட்டும்" என்றார் கர்னல்.

ஜெபகுமார் தண்ணீரோடு ஓடிவந்தார். மரியம்மாள் ஊக்கு முனையால் மூன்று பட்டிகளையும் நெம்பித் தள்ளினாள். எழுந்து, கண்ணாடி இடுக்கில் பக்கெட்டைச் சாய்த்தாள்.

முதலில் ஒன்றும் வரவில்லை. உள்ளே தண்ணீர் தகரத்தில் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு முதல் ஓட்டையில் ஒரு சொட்டு. அப்புறம் மூன்று ஓட்டைகளிலும் சேர்ந்து, ரோஸ்மில்க் கவிழ்ந்தது போல, திக்கான இளஞ்சிவப்புத் தண்ணீர் சிமென்ட் தரையில் இறங்கி ஓடியது. ஹவல்தாரின் பூட்ஸைச் சுற்றிக்கொண்டு போனது.

ஹவல்தார் குனிந்து ஒரு விரலில் தொட்டுப் பார்த்தார். "குலால்" என்றார். பிறகு பிள்ளையார் ஊர்வலப் பழக்கதோஷத்தில், "மோரியா" என்றும் முணுமுணுத்தார்.

"நிர்மல், நீங்களே ஏறிக்கிறேன்னு சொன்னீங்க" என்றாள் சந்திரிகா. "அழுகின பாடி உங்களோடது; அதுக்குப் பட்டி பூசி, சாம்பல் பெயின்ட் அடிச்சு கர்னல் சேஸிஸில் ஏத்திட்டு, அவரோட நல்ல பாடியை எடுத்துக்கிட்டீங்க. பெயின்ட் சுரண்டின அன்னைக்கு அது வெளிய வரும்னு தெரியும். அதனாலதான் சுரண்ட ஒரு ஆளைச் சிபாரிசு பண்ணினீங்க. யார் கழட்டுறாங்களோ, அவங்க தலையில் விழும்."

"ஜீப் அந்தப் பக்கம் இருக்கு" என்று வழி காட்டினார் ஜெபகுமார். "உட்காரும்போது பார்த்து உட்காருங்க தம்பி. கறை போகாது."

கர்னல் அந்தக் கதவின் மேல் கை வைத்து நின்றார். பிறகு திரும்பினார். "மரியம்மா... ஏதோ ஆத்திரத்துல பேசிட்டேன். பாடியை எடுத்துண்டு போய் வேலையைப் பாரு. நடந்ததை இதோட விட்டுடலாம்."

"விட மாட்டேன், கர்னல் சாப்."

"நான்தான் தப்புன்னு ஒத்துக்கறேனே!"

"இங்கே ஒத்துக்கிட்டீங்க. இங்கே ஆறு பேர். நேத்து என்னைத் திருடின்னு சொன்னப்போ எத்தனை பேர் இருந்தாங்க?" மரியம்மாள் காலி பக்கெட்டைத் தரையில் வைத்தாள். "அங்கே வாங்க. நேத்து நின்ன அதே இடம். நேத்து கத்தின அதே ஹிந்தி. அப்புறம்தான் உங்க வண்டியில ஸ்பேனர் வைப்பேன். முடியாதுன்னா ரெண்டு பாடியையும் வேற பட்டறைக்குக் கொண்டுபோங்க."

நாற்பது வருஷம் ஆர்டர் போட்டுப் பழகிய மனிதர் அவள் கண்ணைப் பார்த்தார். கைத்தடியை ஊன்றி ஜீப்பை நோக்கி நடந்தார்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கசார்வாடித் தெருவில் கூட்டம் நிறைந்துவிட்டது. ஷட்டர் இறங்குவதைப் பார்க்க வந்த கூட்டம். மரியம்மாள் சொன்னபடியே ஷட்டருக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கர்னல் சந்தானம் தெரு நடுவில் நின்று, தொண்டையைச் செருமி, பேசினார்.

"மேடம்" என்று ஜெபகுமார் மெல்லக் கேட்டார், "அந்த எண்ணெய்ல மூணாவது சாமான் என்னவா இருக்கும்?"

"இப்போ கேட்டால் சுத்தியல்தான் வரும், அண்ணாச்சி."

கர்னல் பேசி முடித்தார். மரியம்மாள் எழுந்திருக்கவில்லை. காதுக்குப் பின்னால் கை வைத்து, தெருக்கோடி வடாபாவ் வண்டிவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"கடைசியில நிக்கிறவங்களுக்குக் கேட்கலையாம், கர்னல் சாப்" என்றாள். "நேத்து கேட்டுச்சு."